டோக்கன் புத்தகத்தில் விடுபட்ட முதல் பக்கம்

அன்புள்ள கண்ணுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். அவருக்கு முழங்கால் வலி போன வாரத்தைவிடக் குறைவு, என் கண்ணாடிக்குப் புது நம்பர் வந்திருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள், என் மேல் உனக்கிருக்கும் கோபமும் ஒரு குறையும் இல்லாமல் நல்ல சுகத்தோடு இருக்கும் என்று நம்புகிறேன். இரண்டு தடவை போனை வைத்துவிட்டாய். மூன்றாம் தடவை மாப்பிள்ளை எடுத்து, அவ குளிக்கிறா அத்தை என்றார், பாவம், அவருக்குப் பின்னால் நீ சொல்லிக் கொடுத்தது எனக்கு நன்றாகவே கேட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். போனைப் பாதியில் வைத்துவிடலாம், கடிதத்தைப் பாதியில் வைக்க உன்னால் முடியாது, அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் உனக்குத் தலை வெடித்துவிடும். முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீ கேட்டது இரண்டே வரி. மண்டபத்தில் நான் பேசியது தவறான புரிதலால் நடந்தது, அந்த டோக்கனில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் விலை ஏறும், ஏறினதும் நீ விற்றுவிட்டு வெளியே வந்துவிடுவாய், வீட்டு முன்பணத்துக்காக நீங்கள் இரண்டு பேரும் ஆறு வருஷமாகச் சேர்த்தது திரும்பக் கைக்கு வரும். அதை நீ அதில் போட்டதே புத்தகத்தில் என் பெயரைப் பார்த்துத்தான் என்றும் சொன்னாய். எல்லாம் புரிந்தது. எழுத மாட்டேன். ஏன் என்று கேட்காமலே போனை வைத்துவிட்டாய், இப்போது உட்கார்ந்து படி.

உனக்குத் தெரிந்தது பாதிக் கதை, அதுவும் உன் மாமா சொன்ன பாதி. நாலு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அருமைத் தம்பி, தான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கம்பெனியின் முதலாளி என்று ஒரு கோட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து நம் கூடத்தில் உட்கார வைத்தான். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர், மின்விசிறியை என் பக்கம் திருப்புங்கள் என்று கேட்கவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, வியர்த்து வழிந்தபடியே பேசினார். டோக்கன் என்று கம்ப்யூட்டரிலேயே இருக்கும் புதுக் காசு ஒன்றை விடப் போகிறார்களாம், அதற்கு ஒயிட்பேப்பர் என்று ஒரு புத்தகம் வேண்டுமாம், இந்தக் காசு எப்படி வேலை செய்கிறது, யார் கையில் இருக்கிறது, மக்கள் ஏன் நம்பிப் பணம் போடலாம் என்று அதில் இருக்க வேண்டுமாம். எங்க அக்கா எழுதின புத்தகம் இல்லாத வீடே இல்லீங்க என்று உன் மாமா என்னைத் தூக்கி வைத்தான். பொய் இல்லை. வெந்நீர் ஹீட்டர், தண்ணீர் மோட்டார், மின்விசிறி என்று எங்கள் தொழிற்சாலையிலிருந்து போன ஒவ்வொரு பெட்டியிலும் இருபத்தெட்டு வருஷம் நான் எழுதிய கையேடுதான் போனது, யாரும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு வேலை என்று ஒன்று தேடி வந்ததும் கொஞ்சம் தலைகால் புரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். மாதிரிக்கு என்று இன்னொரு கம்பெனியின் ஒயிட்பேப்பரைக் கொடுத்தார்கள். நாற்பது பக்கம், மூன்று நாள் படித்தேன். உருவாக்கப்படும், வழங்கப்படும், பகிரப்படும் என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது, யார் உருவாக்குவார், யார் வழங்குவார் என்று ஒரு வரி இல்லை. ஹீட்டர் கையேட்டில் நான் அப்படி எழுதியிருந்தால் போர்மேன் என் மேசைக்கே வந்து கத்தியிருப்பார்.

என் வேலை எப்படி என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். என் கையேட்டில் முதல் பக்கம் எப்போதும் நிறுத்துவது எப்படி என்பதுதான், போடுவது எப்படி என்பது அதற்கு அப்புறம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் ஹீட்டர் கொதித்துப் பொங்க, அந்த அம்மா புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ஒன்பதாம் பக்கத்துக்கு வருவதற்குள் கையைச் சுட்டுக்கொண்டாள், அந்த ஒன்பதாம் பக்கம் நான் எழுதியது. அன்றைக்கு மாற்றினேன், அதற்கப்புறம் எந்த மேனேஜர் வந்து சொல்லியும் மாற்றவில்லை. இன்னொன்று, நான் கையால் தொட்டுப் பிரித்துப் பார்க்காத பொருளைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டேன். அதனால் கோட்டுக்காரரிடம் முதல் கேள்வியே, போட்ட பணத்தை வெளியே எடுப்பது எப்படி என்றுதான் கேட்டேன். அதெல்லாம் கடைசிப் பக்கத்துல பாத்துக்கலாம் மேடம் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை, மறுநாள் காலையிலேயே அவர்கள் ஆபீசுக்குப் போய் நின்றுவிட்டேன்.

டயர் கடைக்கு மேலே ஒரு அறை. நாலு மேசை, ஓரத்தில் கோட்டுக்காரருக்குக் கண்ணாடி அடைத்த ஒரு தடுப்பு, சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் மேலே போகிற அம்புக்குறி ஒன்று, வேறு எதுவும் இல்லை. புரோகிராம் எழுதும் பெண் ஒருத்திதான் அங்கே உண்மையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், உன் வயதுதான் இருக்கும். பிரித்துக் காட்டும்மா என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம், யாரும் அதுவரை அவளிடம் அப்படிக் கேட்டதில்லையாம். சோதித்துப் பார்க்க என்று தனியாக ஒரு நகல் வைத்திருந்தாள், அதில் எனக்கு ஆயிரம் டோக்கன் கொடுத்தாள், விற்றுப் பார்த்தேன், விற்றது. அப்புறம் அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள், மறுபடி விற்றுப் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம் இன்னொன்றை அழுத்தினாள், ஒரு நொடியில் பத்து லட்சம் புது டோக்கன் எங்கிருந்தோ வந்து நின்றது, என்னுடைய ஆயிரத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது. இதுக்கு ஒரு சாவி இருக்கு ஆன்ட்டி, சாவின்னா ஒரு ரகசிய எண், அத வச்சிருக்கவங்க என்ன வேணா செய்யலாம் என்றாள். யாரிடம் இருக்கிறது என்றேன். கோட்டுக்காரருடைய கண்ணாடி அறையை ஓரக்கண்ணால் காட்டினாள், ஒரே ஒரு சாவி, ஒரே ஒரு ஆள். வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தை எழுதினேன். நிறுத்துவது எப்படி: இதை உங்களால் நிறுத்த முடியாது. நீங்கள் விற்கும் வழியை ஒரே ஒருவர் எந்த நேரமும் மூடலாம், புது டோக்கன்களை வேண்டிய மட்டும் உண்டாக்கலாம், அவரைத் தடுக்க யாரும் இல்லை. அவ்வளவுதான், நாலு வரி. அதன் பின்னால் நல்லதாக இருந்ததையெல்லாம் முப்பது பக்கம் எழுதினேன், நல்லதும் இருந்தது, பணம் அனுப்புவது சுலபம், கட்டணம் குறைவு, எதையும் குறைத்து எழுதவில்லை. உன் மாமா போன் செய்து, அக்கா பிரமாதம், பிச்சு உதறிட்ட என்றான்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் அச்சுப்படியைப் பார்க்காமல் ஒரு கையேட்டை வெளியே விட்டதில்லை, அச்சகத்துக்காரர் என்னைக் கண்டாலே ஓடுவார். இந்த ஒரு தடவை கேட்கவில்லை. தம்பிதானே, இடுப்பில் தூக்கி வளர்த்த பையன்தானே, அவனிடம் போய் அச்சுப்படியைக் காட்டு என்றால் நம்பவில்லை என்று நினைப்பானே என்று விட்டுவிட்டேன். அவன் புத்தகத்தை உனக்கு அனுப்பினான், ஊரெல்லாம் அனுப்பினான், எனக்கு மட்டும் அனுப்பவில்லை, கூட்டத்துல வச்சு சர்ப்ரைஸ் என்றான். சர்ப்ரைஸ்தான். டோக்கனுக்கு ஆள் சேர்க்கக் கூட்டம் போட்ட மண்டபத்தில் வாசலிலேயே கையில் கொடுத்தார்கள், திறந்தேன், முதல் பக்கத்தில் சூரியன் உதிக்கும் படம். சாவியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை, உள்ளே பாதி வரிகளில் வழங்கப்படும் பகிரப்படும் என்று எவனோ மாற்றி எழுதியிருக்கிறான், பின் அட்டையில் என் பெயர், என் போட்டோ, இருபத்தெட்டு ஆண்டு அனுபவம். அப்போதும் எழுந்து வீட்டுக்கு வந்திருப்பேன், வீட்டில் வைத்துத் தம்பியின் காதைத் திருகியிருப்பேன். ஆனால் மூன்றாவது வரிசையில் நம் கீழ்வீட்டுத் தையல்காரர் உட்கார்ந்திருந்தார், புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்க மேல்வீட்டு அக்கா எழுதினது, நம்பிப் போடலாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணின் படிப்புக்கு வைத்திருந்ததை அன்றைக்கு மாலையே போடுவதாக இருந்தாராம்.

மேடைக்குக் கூப்பிட்டுப் பூச்செண்டு கொடுத்தார்கள். வாங்கிக் கீழே வைத்தேன், கைப்பையிலிருந்து என் கையால் எழுதிய முதல் பக்கத்தை எடுத்துப் படித்தேன். இரண்டாவது வரியில் கோட்டுக்காரர் மைக்கை அணைத்துவிட்டார். மோட்டார் ஓடுகிற கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் ஆட்களோடு கத்திப் பேசியவள் நான், எனக்கு எதற்கு மைக், மீதி இரண்டு வரியும் வாசலில் நின்ற வண்டிக்காரருக்கும் கேட்டது. அதற்கு மேல் நடந்தது உனக்குத் தெரியும், விலை பாதிக்குக் கீழே வந்துவிட்டது. கோட்டுக்காரர் போன் செய்து கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றார், வாருங்கள், அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அங்கேயும் கேட்கிறேன் என்றேன், போனை வைத்துவிட்டார். அவர்கள் கொடுத்த சம்பளக் கவரை உன் அப்பா டயர் கடை மாடியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். என்னைத் திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை, வந்து உட்கார்ந்து, உன் குரல் இன்னும் நல்லாத்தான் இருக்கு என்றார். உன் மாமாதான் வாசலில் நின்றே, என் பிழைப்புல மண்ணப் போட்டுட்டியே அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான், உள்ளே வரவில்லை. அன்றைக்கு அழுதேன். அவன் இல்லாமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக இல்லை. அதற்காக, நான் படித்த நாலு வரியில் ஒன்று பொய் என்று சொல்லிவிட முடியுமா.

நீ பணம் போட்டிருப்பது எனக்கு மேடையில் நின்றபோது தெரியாது. வீடு வாங்கிவிட்டு எங்களை அழைத்து ஆச்சரியப்படுத்தலாம் என்று மறைத்து வைத்திருந்தாய். தெரிந்திருந்தால் எழுந்திருப்பேனா என்று என்னையே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். உன் ஆறு வருஷத்தை நினைத்துத் தயங்கியிருப்பேன், ஆனால் எழுந்திருப்பேன். இப்படி ஒரு தாயா என்று நினைத்தால் நினைத்துக்கொள். நீ விற்றுவிட்டு வெளியே வருவேன் என்கிறாயே, விற்பது என்றால் வாங்குகிறவள் ஒருத்தி இருக்க வேண்டும், அவள் யார் என்று நீயே சொன்னாய். உன் ஆபீசில் பக்கத்து மேசைப் பெண், கைக்குழந்தையோடு தனியாக இருப்பவள், உங்க அம்மா எழுதிக் குடுத்தா நானே வாங்கிக்கறேன் என்று சொன்னாளாம். ஏதோ நல்ல செய்தி போல என்னிடம் சொன்னாய். என் கையெழுத்தைக் காட்டி அவளை உள்ளே தள்ளிவிட்டு நீ வெளியே வர வேண்டும், அவள் யாரைத் தள்ளிவிட்டு வருவாள்? இன்னொன்றும் யோசித்துப் பார். அந்த இரண்டு வரியை எழுதி வாங்கச் சொல்லி உன்னிடம் போனில் கெஞ்சியது கோட்டுக்காரர்தானே. என்னிடம் நேரே கேட்டால் நடக்காது என்று தெரிந்து உன்னைப் பிடித்திருக்கிறார். விலை ஏறினால் முதலில் விற்கப் போவது யார், விற்று முடித்ததும் சாவியைத் திருப்பப் போவது யார், நீ கணக்கில் கெட்டிக்காரி, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீடு இப்போதைக்கு இல்லை, அவ்வளவுதான், கைகால் நன்றாக இருக்கிறது, இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது. எனக்கு வயிறு எரியாமல் இல்லை, ஆறு வருஷம் நீ டாக்ஸி ஏறாமல் நடந்த நடை எனக்குத் தெரியும். ஆனாலும் மண்டபத்தில் பேசியதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, உன்னிடமும்தான்.

கேட்க வேண்டிய மன்னிப்பு வேறொன்று இருக்கிறது, அதைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். என் பெயர் போட்ட புத்தகத்தை அச்சுக்குப் போகும் முன் நான் படித்துப் பார்க்கவில்லை, என் பெயரை நம்பிப் பணம் போட்ட எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், விடுபட்ட முதல் பக்கம் இந்தத் தாளின் பின்புறம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். உன் அப்பா நூறு நகல் எடுத்து வந்திருக்கிறார், நாளைக் காலையில் நானும் அவரும் தெருத் தெருவாகக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம், அவர் முழங்காலைப் பற்றி நீ இப்போது பேசாதே. முதல் தாளை யாருக்கும் கொடுக்காமல் உனக்கு அனுப்புகிறேன், என் பெயரால் முதலில் ஏமாந்தவள் நீதான். மன்னித்துக்கொள் கண்ணு.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், குளிக்கிறா என்று பொய் சொன்னதற்காக நான் கோபித்துக்கொள்ளவில்லை என்றும் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் தலைநிமிர்ந்து பார்த்துக்கொண்டு, நூறு வருஷம் நன்றாக இருங்கள், சொந்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கடிதத்தோடு இருக்கும் அந்தத் தாளைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் உன் கையாலேயே கொடு, அவள் பணம் போடுவதற்கு முன்னால் கொடு. அவள் வாங்காவிட்டால் உன்னுடையது விற்காது. தெரிந்துதான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா