முளைப்பாரியில் வெந்நீர்

ஆவணி 9, செவ்வாய்

வெயில் கொல்கிறது. மிளகாய் காயப் போட வேண்டும். அதற்குள் முருகேசன் வாசலில். கொழுந்தன் மகன், செல்லம்மா பெற்றது. கையில் பள்ளிக்கூடத்துச் சின்னப் புத்தகம், ஜெராக்ஸ் போட்டுப் பின் அடித்தது.

"பெரியம்மா, இது ஒங்க வாயிலேருந்து வந்ததுதானே?"

கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். நான் பேத்தி கயலுக்குச் சொன்னதுதான். வீட்டில் கேட்ட கதை எழுதி வரச் சொன்னாராம் டீச்சர். நல்லதாகப் பத்து பொறுக்கி, அஞ்சாம் வகுப்பு வாசிப்புக்கே கொடுத்துவிட்டார்.

மூத்த மருமகள் அம்மனுக்கு முளைப்பாரி போடுகிறாள். ஓரகத்தி ஆளில்லாத நேரம் வெந்நீர் ஊற்றுகிறாள். பயறு அழுகிவிடுகிறது. வெளங்காத கை என்று ஊர் பேசி, அப்புறம் அவளை முளைப்பாரி தொடவே விடவில்லை.

பேர் போடவில்லை. போடாவிட்டால் என்ன? மருமகள் நான், ஓரகத்தி செல்லம்மா. ஊரில் எவளுக்குத் தெரியாது.

உள்ளுக்குள் சந்தோஷம்தான். அச்சில் வந்துவிட்டது.

ஆவணி 10, புதன்

கயல் சோறு தின்னவில்லை. செல்லம்மா பேத்தி, முருகேசன் மகள் தர்ஷினியும் அதே வகுப்பு. பிள்ளைகள் அவளை "வெந்நி, வெந்நி" என்கிறதுகளாம். அவள் கிட்டே வந்தால் "ஐயோ சுடுது" என்று ஓடுகிறதுகளாம். இன்றைக்கு அவள் வரவில்லை.

"நீ ஏன் அப்பத்தா சொன்ன?"

"நீ ஏன்டி எழுதுன?"

பிரஷர் மாத்திரை தீர்ந்தது.

ஆவணி 12, வெள்ளி

மூன்று நாளாகத் தர்ஷினி வரவில்லை. முருகேசன் மனு எழுதிப் பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டான். புத்தகத்தை எடுக்க வேண்டும், டீச்சரை மாற்ற வேண்டும். மளிகைக்கடையில் சண்டை.

"பாடம் நடத்தச் சொன்னா ஊரு வம்பைப் படிச்சுக் குடுக்குறாங்க!"

"எம்புள்ள தானா எடுத்துப் படிக்கிற ஒரே பொஸ்தகம் அதுதாங்க."

திங்கள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். நானும் போக வேண்டும். மகன் துபாயில், கயலுக்குக் கையெழுத்துப் போடுவது நான்.

சாயங்காலம் குழாயடியில் தர்ஷினி. என்னைக் கண்டதும் குடத்தை விட்டுவிட்டு ஓடிற்று. நடை அப்படியே செல்லம்மா நடை. எரிச்சல். ஆனாலும் பத்து வயசு.

ஆவணி 15, திங்கள்

கூட்டம். பெஞ்சில் இடுப்பு விட்டுப்போயிற்று. எதிரே செல்லம்மா. முப்பத்தெட்டு வருசமாகப் பேச்சில்லை.

பெரிய டீச்சர் கேட்டார். "நடந்ததாங்க, கற்பனையாங்க? கற்பனைன்னா பிள்ளைங்ககிட்ட அப்படியே சொல்லிரலாம்."

முருகேசன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தர்ஷினி. தலை நிமிரவில்லை.

"நான் கட்டுனதுதாங்க. பேத்தி கதை கேட்டுச்சு, எடுத்துவிட்டேன்."

செல்லம்மா எழுந்தாள். "கேட்டுக்கங்க! இத்தன வருசமா இந்த அக்கா எம்மேல சொன்னது பூராம் பொய்யி!"

சிரித்தார்கள். கயல் என் முகத்தையே பார்த்தது. நான் சேலையைச் சரிசெய்துகொண்டேன்.

முருகேசன் மனுவை மடித்துப் பையில் வைத்துவிட்டான். டீச்சர் இருக்கிறார். புத்தகமும் இருக்கிறது. தர்ஷினி நாளை வருகிறாளாம்.

செல்லம்மா ஊற்றினாள். அலுமினியச் சொம்பு. ஆவி பறந்தது. கதவிடுக்கில் நின்று என் ரெண்டு கண்ணால் பார்த்தேன்.