தாளில் இல்லாத பதில்

4-8-1974, ஞாயிறு

எங்கள் தேவாரம் ஊர் வாசகசாலையில் இன்று கூட்டம். மனிதர்கள் ஒருவருக்கொருவர் கருத்தைச் சொல்லும் விதம் பற்றி மதுரைப் பேராசிரியர் ஒரு மணி நேரம் முழங்கினார். முழங்கினாரா? தாளைப் பார்த்து வாசித்தார். கிரேக்கத்தில் ஒரு ஞானி எழுத்தையே நம்பவில்லையாம். எழுத்தைக் கேள்வி கேட்டால் பதில் சொல்லாது, நேருக்கு நேர் பேசினால்தான் உண்மை பிறக்கும் என்றாராம். இதைச் சொல்லும்போதும் மனிதர் தலை நிமிரவில்லை.

தையல்கடை காதர் எழுந்தார். "ஐயா, அந்தப் பெரியவுக எழுத்தே ஆகாதுன்னு சொன்னாகன்னா, அவுக சொன்னத எழுதி வச்சது ஆரு?"

பேராசிரியர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். "அது இந்தக் கட்டுரையில் இல்லை" என்றார். கூட்டம் சிரித்தது, காதரைப் பார்த்து! மண்டூகங்கள்.

செயலாளர் நான் மட்டும் என்ன கிழித்தேன்? "உக்காருங்க பாய், ஐயாவுக்குப் பஸ் போயிரும்" என்று அவரை அடக்கிவிட்டு, அந்த ஆளுக்குப் பொன்னாடை போர்த்தினேன். வெளியே வந்ததும் காதர், "நீங்களாச்சும் சொல்லுங்க சார்" என்றார். எனக்கும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நாளை பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு அவர் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த நோட்டு தேவலை. என்னை ஒன்றும் கேட்காது.