இல்லாத இரண்டு வருஷம்

அக்கா,

இன்று காலை திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். மாவட்டக் கபடிப் போட்டியின் ஸ்கோர் ஷீட்டுகளை நகல் எடுக்க வேண்டியிருந்தது. நான் இப்போது ஆடுவதில்லை. ஆடுகளத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புள்ளி எழுதுகிறேன். இயந்திரத்திலிருந்து முதல் தாள் சூடாக வந்து விழுந்தபோது அந்த வாசனை அடித்தது. துணிக்கு இஸ்திரி போடும்போது வருமே, கிட்டத்தட்ட அது மாதிரி. உடனே விழுப்புரத்தில் உங்கள் கடையும், ஒருபக்கம் சாய்ந்த உங்கள் மூக்குக்கண்ணாடியும், ஊரார் தாளையெல்லாம் நகல் எடுக்கும் சாக்கில் ஒரு வரி விடாமல் படித்துவிடும் உங்கள் கெட்ட பழக்கமும் நினைவுக்கு வந்தன.

எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண் நின்றிருந்தாள். விளையாட்டுச் சட்டை. கையில் ஆஸ்பத்திரி ஃபைல், அதன்மேல் மெடல் போட்டுச் சிரிக்கும் இன்னொரு பெண்ணின் படம். "நூறு காப்பி போடுங்கண்ணா, வசூலுக்குப் போறோம்" என்றாள். எனக்கு முதலில் இரக்கம் வரவில்லை அக்கா, சந்தேகம்தான் வந்தது. நீங்கள் போய் ஒரு வருஷமாகப் போகிறது. போகும்போது இதை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

என்னையும் நீங்கள் முதலில் படத்தில்தான் பார்த்தீர்கள். எங்கள் அணித் தலைவி கௌரி உண்டியல் டப்பாவோடு உங்கள் கடைக்கு வந்தாள். கடைத்தெருவில் எல்லோரும் பத்தோ இருபதோ போட்டார்கள். நீங்கள் மட்டும் படத்தைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்களாம்.

"மெடல் போட்டுக்கினு சிரிக்கிறா, இவளுக்கா கேன்சரு? ஆஸ்பத்திரி பேப்பர் எங்க?"

கௌரியிடம் பேப்பர் இல்லை.

"போன மாசம் இப்படித்தான் ஒரு பையன் போட்டோவ நூறு காப்பி போட்டுக் குடுத்தேன். அடுத்த வாரம் அந்தப் பையனே பஸ் ஸ்டாண்டுல ஐஸ்கிரீம் தின்னுக்கினு நிக்கிறான். போம்மா, பேப்பரோட வா."

கௌரி எனக்கு போன் செய்து அழுதாள். கீமோ ஏறிக்கொண்டிருந்தது எனக்கு. வாய் முழுக்கப் புண். அந்த வாயாலேயே முகம் தெரியாத உங்களைத் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டீர்கள். பழம் கிழம் ஒன்றும் வாங்கி வரவில்லை. கட்டிலருகே நின்று, என் பெயரை என்னிடமே கேட்டு, படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள். பிறகு, "தலைல கட்டினுகீறியே, அந்தத் துணிய எடு, பாக்கணும்" என்றீர்கள்.

அம்மா அப்பாவுக்குக்கூட அப்போது நான் என் தலையைக் காட்டவில்லை அக்கா. எடுத்தேன். வெறுப்பில்தான் எடுத்தேன். நீங்கள் முகம் மாறாமல் பார்த்தீர்கள். "சரி, கட்டிக்க. மொத்தப் பேப்பரும் குடு" என்றீர்கள். ஆறுதலாக ஒரு சொல் இல்லை.

அப்போது எங்களுக்கு இருந்த இக்கட்டு இதுதான். இடது முட்டிக்கு மேலே எலும்பில் கட்டி. கெட்டுப்போன எலும்பை எடுத்துவிட்டு உள்ளே உலோகம் வைத்தால் கால் தப்பும். அதற்குப் பணம் ஏராளமாக ஆகும். இல்லையென்றால் தொடையோடு எடுத்துவிட வேண்டும், அதில் செலவு குறைவு. இரண்டு வாரத்தில் முடிவு சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டர். மயிலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலத்தில் மல்லாட்டை, அதான் நிலக்கடலை, போடும் அப்பா, யாரோ வற்புறுத்தியதால் பதினோரு மாதம் முன்பு குடும்பத்துக்கே ஒரு காப்பீடு எடுத்திருந்தார். அதைத்தான் மலைபோல நம்பியிருந்தோம். அந்தக் கம்பெனி, பாலிசிக்கு முன்பே இருந்த நோய் இது, பணம் தர முடியாது என்று எழுதிவிட்டது. மிச்சம் இருந்தது கௌரியின் உண்டியல்தான்.

நீங்கள் ஃபைலை எடுத்துக்கொண்டு போனீர்கள். மூன்று நாள் பேச்சு மூச்சில்லை. நாலாம் நாள் கௌரி போன் செய்தாள்.

"திண்டிவனத்துல யாரோ உன் போட்டோவ வச்சி வசூல் பண்றாங்கடீ. நம்ம பொண்ணுங்க யாரும் அங்க போகல. உன் பேப்பரெல்லாம் இப்ப யார்கிட்ட இருக்குது?"

உங்களிடம்தான் இருந்தது. கையில் ஜெராக்ஸ் இயந்திரம் வேறு. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். ஊரையே சந்தேகப்படுகிறவள் ஏன் சந்தேகப்படுகிறாள்? அவளே அந்த வேலையைச் செய்கிறவள், அதனால்தான். உங்களுக்கு மூன்று தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தீர்கள்.

"திண்டிவனத்துல என் போட்டோவ வச்சி வசூல் பண்றது நீங்கதான். நீங்க திருடிக்கா. சாவப்போறவ பேர்ல திருடித் தின்றீங்களே, உங்களுக்குச் சோறு எறங்குதா?"

அந்தப்பக்கம் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "கேட்டுக்கினேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள்.

மறுநாள் மாலை வந்தீர்கள். வெயிலில் அலைந்த முகம். அப்பா கட்டிலடியில் உட்கார்ந்திருந்தார். ஃபைலைப் பிரித்து, பென்சிலால் கோடு போட்ட ஒரு வரியை அவரிடம் நீட்டினீர்கள். முதல் நாள் சேர்த்தபோது டாக்டர் எழுதியது. இரண்டு வருஷமாக முட்டி வலி.

"அண்ணே, ரெண்டு வருசமா வலிச்சுதா இவளுக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். "இல்லம்மா. ஒரு மூணு மாசமாத்தான். ஆட்டத்துல பட்ட அடின்னு நெனச்சிக்கினு கட்டு போட்டோம்."

"அப்ப ரெண்டு வருசம்னு யாரு சொன்னது?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான்தான். அங்க அவ்ளோ கூட்டம். மூணு மாசம்னு சொன்னா மாத்திரை குடுத்து அனுப்பிடுவாங்க. கூட்டிச் சொன்னாத்தான் ஜல்தியா பாப்பாங்கன்னு..."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதானே இது. இரண்டு நாள் காய்ச்சலை டாக்டரிடம் ஒரு வாரம் என்போம். கூட்டிச் சொல்லாவிட்டால் நம்மை யார் மதிப்பார்கள் என்ற பயம். அப்பா சொன்ன அந்த இல்லாத இரண்டு வருஷத்தைத்தான் கம்பெனி பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா குலுங்கி அழுதார். "நானே எம் பொண்ணு கால எடுத்துட்டேனே" என்றார். நான் பார்த்து அவர் அழுதது அன்றுதான்.

நான் அவசரப்பட்டேன். போட்டிக்காக டாக்டர் கொடுத்த உடல்தகுதிச் சான்றிதழ் இருக்கிறது, போன வருஷம் வாங்கியது, அதைக் காட்டினால் போதும் என்றேன்.

"அந்த டாக்டர் உன் முட்டியத் தொட்டுப் பாத்தாரா?"

"இல்லக்கா. வரிசையா நிக்க வச்சி கையெழுத்து போட்டாரு."

"அப்ப அது வேணாம். அவங்களும் என்ன மாரி ஆளுங்கதான், தோண்டுவாங்க. ஒரு பேப்பர் பொய்யுன்னு தெரிஞ்சா மொத்தமும் பொய்யாயிடும்."

பிறகு பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து மடியில் வைத்தீர்கள். இரண்டு வருஷத்து ஸ்கோர் ஷீட்டுகள். ஒவ்வொன்றிலும் நடுவர் கையெழுத்து. ஒரு ஆட்டம்கூட விடாமல் நான் பாடிப்போய் எடுத்த புள்ளிகள். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். திண்டிவனம் என்றீர்கள். காலையிலேயே அங்கே போயிருக்கிறீர்கள், என் படத்தை வைத்து வசூல் செய்வது யாரென்று பிடிக்க.

"நீ ஃபைனல்ல தோக்கடிச்ச புள்ளைங்கதான். உங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சா கிண்டல் பண்ணுவீங்கன்னு சொல்லாமப் பண்ணிக்கினு இருந்துதுங்க. என்னாண்ட மாட்டிக்கினு அரைமணி நேரம் பேஜாராயிட்டாங்க. இந்த ஷீட்டெல்லாம் அவங்க சார் எடுத்து வச்சிருந்தது."

ஒரு கவரையும் நீட்டினீர்கள். வசூல் செய்த ஐந்து பேரின் கையெழுத்தும் அதன்மேல் இருந்தது.

"எண்ணு."

"பரவால்லக்கா."

"என்ன நம்பாத. எண்ணு."

முந்தின நாள் போனைப் பற்றி ஒரு வார்த்தை நீங்கள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எண்ணினேன். கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன், உங்கள் கண் முன்னாலேயே இரண்டு தடவை எண்ணினேன்.

டாக்டர் அந்த ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு வருஷம் இருந்திருந்தால் இவள் நடந்தே வந்திருக்க மாட்டாள் என்று சொல்லி, அப்பாவிடம் மறுபடி விசாரித்து, அதையே கடிதமாக எழுதிக் கொடுத்தார். கம்பெனிக்கு நீங்கள் நான்கு முறை எழுதினீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வாங்கி வைத்தீர்கள். முக்கால்வாசி வந்தது. மீதியை எங்கள் உண்டியலும் எதிரணி உண்டியலும் சேர்ந்து கட்டின. கால் தப்பியது.

அதன்பிறகு விழுப்புரம் வரும்போதெல்லாம் கடைக்கு வருவேன். நலமா என்று கேட்கவே மாட்டீர்கள். நான் சொன்னால் நம்பவும் மாட்டீர்கள். "வாசல்லேந்து மெஷின் வரைக்கும் நட, பாக்கலாம்" என்பீர்கள். நடப்பேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பாதத்தையே பார்ப்பீர்கள். ஒவ்வொரு தடவையும், இன்று சொல்லிவிடலாம், திருடி என்றதற்கு மன்னிப்பு கேட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் பஸ் ஏறுவேன். கடையில் யாராவது நிற்பார்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவேன். அப்படி ஒரு வாரத்தில்தான் கௌரியின் போன் வந்தது. மாரடைப்பு, கடையிலேயே போய்விட்டீர்கள் என்றாள். உங்கள் வீட்டு வாசலில் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். நான் யாரென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதையெல்லாம் நினைத்தால் என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

இன்று காலை அந்தப் பெண்ணின் ஃபைலைக் கேட்டு வாங்கினேன். கேட்டு என்ன, கை தானாக நீண்டு எடுத்துவிட்டது. முதலில் எத்தனை மாத வலி என்று எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். கேன்சர்தான், கீமோ நடக்கிறது. வலி என்ற இடத்தில் ஒரு வருஷம் என்றிருந்தது.

"இத டாக்டராண்ட யாரு சொன்னது? நெஜமாவே ஒரு வருசமா? உன் ஃப்ரெண்ட நான் நேர்ல பாக்கணும்" என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "நீங்க யாரு எங்களச் சந்தேகப்பட? பத்து ரூபா போட இஷ்டமில்லன்னா போங்க."

என் காலைக் காட்டியிருக்கலாம். என் கதையைச் சொல்லியிருந்தால் அங்கேயே என் கையைப் பிடித்து அழுதிருப்பாள். சொல்லவில்லை அக்கா. அவள் பார்த்த அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. கட்டிலில் கிடந்து நான் உங்களைப் பார்த்தது. அதை முழுசாக வாங்கிக்கொண்டு நின்றேன். ஃபைலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, என் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

நாளை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அந்தப் படத்துப் பெண்ணிடம் தலைத் துணியை எடுக்கச் சொல்வேன். அவள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பேன். இன்றோ நாளையோ அவர்களில் யாராவது போன் செய்து, நான் உங்களைச் சொன்ன அந்த வார்த்தையை என்னைச் சொல்லுவார்கள். போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கேட்டுக்கினேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.