ராஜாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்

பவித்ரா அம்மா, என் மங்கா,

நீ ஜெயித்துவிட்டாய். முதலில் அதை எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

பெண்ணை நர்ஸிங் சேர்க்கலாம் என்றேன் நான். அவள் ஆசைப்பட்ட வரலாறுதான் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய். "செத்துப்போன ராஜாவா வந்து சோறு போடப்போறான்?" என்று கேட்டேன், ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாத மேதை. போட்டுவிட்டான், மங்கா. பாலாற்றங்கரையில் படுத்துக்கொண்டே போட்டுவிட்டான்.

திண்டிவனத்து டிராவல்ஸ் ஒன்றில் நம் பெண்ணுக்கு வழிகாட்டி வேலை. நேற்று வெள்ளோட்டம். வந்தவர்கள் நல்லபடியாகச் சொன்னால்தான் வேலை நிலைக்கும் என்றிருந்தார் முதலாளி. வேனில் ஒரு சீட்டு காலி என்று நானும் ஏறிக்கொண்டேன். "அப்பா, என்னைத் தெரியாத மாதிரி உக்காரணும். வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். அப்படியே உன் குரல்.

வேலூர் முத்து மண்டபத்தில் கண்டியின் கடைசி ராஜா அடக்கமாகியிருக்கிறார். ஒருமுறை வெள்ளைக்காரப் படையைத் துரத்தியடித்தவர். பிறகு பிடிபட்டு, வேலூரிலேயே சிறையிருந்து கண் மூடியவர். பவித்ரா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விழுப்புரத்துப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார்.

"தோத்துப்போன ராஜாவப் பாக்கவா இம்மாந்தூரம் இட்டுக்கினு வந்த?"

நாலு பேர் சிரித்தார்கள். போச்சு வேலை என்று நினைத்தேன். அவள் பதறவில்லை.

"தோத்தவருன்னா, வெள்ளக்காரன் எதுக்குங்க தாத்தா கடல் தாண்டிக் கொண்டாந்து அடைச்சி வெச்சான்? பயந்தவன்தான பூட்டு போடுவான்?"

பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "ராஜாவுக்குப் புள்ளைங்க இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். அப்புறம் அவர் கேள்வியை நிறுத்தவேயில்லை.

உன்னைத் தூக்கிப்போன அன்று, பெண்பிள்ளை வரக் கூடாதென்று தெருமுனையிலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். நேற்று ஒரு வேன் கூட்டத்தையே சமாதிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். நீ பார்த்தாயா?

கிளம்பும்போது நான் வாயைத் திறந்துவிட்டேன். கும்பிட்டுவிட்டு, "போய்ட்டு வர்றேங்க ராஜா" என்றேன். பக்கத்திலிருந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அய்ய, சமாதியில போயி வர்றேன்னு சொல்லுவாங்களா?"

"சொல்லட்டும் ஆயா" என்றாள் பவித்ரா. "ஊரு விட்டு ஊரு வந்து படுத்துக்கினு இருக்காரு. யாராச்சும் திரும்பி வரட்டுமே. இவரு எங்கப்பாதான்."

வந்தவாசியில் டீ குடிக்கும்போது அந்தப் பெரியவரே முதலாளிக்குப் போன் போட்டார். "அடுத்த டூருக்கும் இந்தப் பொண்ணையே அனுப்புப்பா. வேற ஆள அனுப்புனா நான் வரல." வேலை நிலைத்துவிட்டது.

மங்கா, உன்னைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது, வர்றேன்னு சொல்லாதே, திரும்பிப் பார்க்காதே என்று என்னை இழுத்துவந்தார்கள். சொல்லாமலே வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். வர்றேன். உடனே இல்லை. நம் பெண் காட்டவேண்டிய ராஜாக்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரிடமும் சொல்லிக்கொண்டு, சேதியோடு வர்றேன்.

ஒருநாளும் நீ பேர் சொல்லிக் கூப்பிடாத,
உன் பவித்ரா அப்பா
கண்டமங்கலம்