நீ கேட்ட விடுகைப் பத்திரம்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கு,

உன்னை "எடியே" என்று கூப்பிட்டவளுக்கு இன்று இப்படித்தான் எழுத வருகிறது.

நேற்று, யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வெள்ளவத்தை லொட்ஜில் தங்கியிருக்கிற சுகந்தினியையும் தாயையும் உன் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தேன். பிள்ளை சீவிய பென்சிலைக் கையில் பிடித்தபடி நின்றாள். நீ அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"பழைய பள்ளிக்கூடத்திலை விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு வாங்கோ. அது இல்லாமல் சேர்க்கேலாது."

எங்கே போய் எடுப்பது? அந்தப் பள்ளிக்கூடத்தில் ஷெல் விழுந்து கூரையே இல்லை. யாழ்ப்பாணச் சனம் முழுக்க இரவோடிரவாக ஊரை விட்டு வெளிக்கிட்டது. தாய் அதைச் சொல்ல, "கல்வித் திணைக்களச் சுற்றுநிருபம் எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றாய்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கொழும்பில், இதே வெள்ளவத்தையில் எங்கள் வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். நீயும் நானும் அகதிக் கப்பலில் யாழ்ப்பாணம் போனோம். மாற்றுச் சட்டைகூட இல்லை. அங்கே அதிபர் ஒரு பத்திரமும் கேட்கவில்லை. "சாப்பிட்டனீங்களோ, பிள்ளையள்?" என்றுதான் கேட்டார். வகுப்பில் வாங்கில் இருந்த பிள்ளைகள் தள்ளியிருந்து எங்களுக்கு இடம் விட்டார்கள்.

சுகந்தினி எந்தப் பள்ளிக்கூடம் என்று நீ கேட்கவில்லை. அதே பள்ளிக்கூடம்தான்.

திங்கட்கிழமை அவளைத் திரும்பவும் கூட்டி வருவேன். பத்திரம் கேட்பதென்றால், முதலில் உன்னுடையதை எடுத்து மேசையில் வை.

இப்படிக்கு,
அந்த வாங்கில் உன் பக்கத்தில் இருந்தவள்