கூண்டில் இருந்தது கேனரி அல்ல

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

சென்னைக் கூட்டத்தில் நீங்கள் பேசிய காணொளியைப் பார்த்தோம். "பறவையைப் பாட வைப்பது இடது மூளைதான். வலது மூளை சும்மா துணைக்கு. என் ஆய்வில் என் மனைவியும் அப்படித்தான்" என்றீர்கள். கூட்டம் சிரித்தது.

உங்கள் தங்கை ஜெபராணி சிரிக்கவில்லை. "அண்ணன் ஒங்களயா மைனி இப்படிச் சொல்லுதான்? அணைச்சிருங்க" என்றாள். நான் கடைசிவரை பார்த்தேன்.

இடது பக்கம் ஓங்கியிருப்பது கேனரிப் பறவைக்கு. பாளையங்கோட்டை வீட்டில் இத்தனை வருடமாக நாம் வளர்ப்பது ஸீப்ரா ஃபிஞ்ச் குருவி. ஒரு நாளாவது தினை போட்டிருந்தால், கூண்டில் இருப்பது எது என்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஃபிஞ்சின் மூளையில் ஒரு பாதி விட்ட இடத்தில் மறு பாதி கண் இமைப்பதற்குள் எடுத்துக்கொள்கிறது. கேட்கிற நமக்கு அது ஒரே பாட்டு. ஒரு பாதி கெட்டால் மொத்தப் பாட்டும் குழறிப்போகும். நம் குருவிகளின் பாட்டுப் பதிவுகளை வைத்து இதையெல்லாம் அலசி எழுதித் தந்தது நான். மேடையில் வாசித்தது நீங்கள். இந்த முறை வாசிக்கக்கூட இல்லை போலிருக்கிறது.

ஜெர்மனியில் பேசுவதற்குப் பதிவுகளையும் விளக்கக் குறிப்பையும் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஊருக்கு எப்போது வருவீர்கள் என்று அதில் ஒரு வரி இல்லை, நானும் கேட்கப்போவதில்லை. பதிவுகளை அனுப்பிவிட்டேன். குறிப்பு எழுதவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேனரி வேறு, ஃபிஞ்ச் வேறு என்று தெரியும். கேள்வி கேட்பார்கள். இடது மூளை இருக்கிறதே, பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சும்மா துணைக்கு இருந்தவள்