வர்ஷாவின் முதுகு

அம்மாவுக்கு,

உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நானும் அவரும் நன்றாக இருக்கிறோம்.

வர்ஷா முதுகில் பிறந்ததிலிருந்து இருக்கிற நீலத் திட்டுகளையும் சிவந்த நரம்புகளையும் இங்கே டப்ளினில் பகலில் அவளை விடுகிற குழந்தைகள் காப்பகத்தில் பார்த்துவிட்டு, நாங்கள் அடித்த காயம் என்று நினைத்துவிட்டார்கள். பயப்படாதே. தோல் டாக்டர் பார்க்கும்வரை அவளை வேறொரு குடும்பத்தில் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பிறவியிலேயே இருந்ததென்று காட்டப் பழைய போட்டோ கேட்கிறார்கள். "பாக்குறவங்க இன்னா சொல்லுவாங்க, துணிய மூடிகினு எடு" என்று நீ சொன்னாயே, எல்லாப் படத்திலும் முதுகை மூடித்தான் எடுத்திருக்கிறோம். கள்ளிக்குப்பத்தில் நீ அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியபோது யாராவது எடுத்தார்களா? கமலம் அத்தையைத் தன் போனில் தேடச் சொல்.

அப்பா வீடியோ காலில் பேத்தியைக் கேட்டால், தூங்குகிறாள் என்பேன், நீயும் அப்படியே சொல்லிவிடு.

முதுகைத் தடவினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். புண் என்று பயந்து அங்கே யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ராதிகா